சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வாங்குவதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள்

பழைய சோவியத் லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. முதலில் லென்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் 39 மில்லிமீட்டர் மரை போட்ட சோவியத் லென்சுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ஃபெட், சோர்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கானது, அதாவது தனிச் சாளரம் வழியாகப் பார்த்துத் தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்பவை. மற்றொன்று ஆரம்பகால ஜெனித் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கானது, அவற்றில் உள்ளே இருக்கும் ஆடி மூலம் லென்ஸ் வழியாகவே பார்க்கலாம். மரை கிட்டத்தட்ட ஒன்றேதான், இதில் சுற்றினால் அதிலும் ஏறும். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ., ஜெனித்தில் 45.2 மி.மீ. ஜெனித் லென்ஸை ரேஞ்ச்ஃபைண்டர் அடாப்டரில் (பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்ட உதவும் இணைப்பு வளையம்) மாட்டினால் எவ்வளவு திருகினாலும் படம் தெளியவே தெளியாது. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை ஜெனித்தில் மாட்டினால் மூக்குக்கு முன்னால் இருக்கிற பொருள் மட்டும்தான் தெளிவாகத் தெரியும், தூரத்து மரம் தெரியாது.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது இதுதான்: ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது மரைக்கு உள்ளே வழவழப்பான ஓர் உலோக வளையம் முன்னும் பின்னும் நகர்கிறதா? நகர்ந்தால் அது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ். கேமராவுக்குள் இருக்கும் நெம்புகோல் அந்த வளையத்தைத் தொட்டுத்தான் தூரத்தைத் தெரிந்துகொள்கிறது. ஜெனித் லென்ஸில் அதற்கு வேலை இல்லை, அதனால் இருக்காது. இண்டஸ்டார்-50 இரண்டு வகையிலும் வந்தது. ஜூபிடர்-9, ஜூபிடர்-11 இரண்டும் இன்னும் மோசம், ரேஞ்ச்ஃபைண்டருக்கு, கீவ் கேமராவுக்கு, எஸ்.எல்.ஆருக்கு என்று ஒரே பெயரில் தனித்தனி உருவங்களில் கிடைக்கின்றன. பெயரை மட்டும் எழுதித் தேடி வாங்கினால் என்ன வரும் என்று சொல்ல முடியாது.

நான் உக்ரைனின் ஹார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்தவன். தமிழ்நாட்டிலிருந்து அந்த ஊருக்குப் படிக்கப் போனவர்கள் நிறையப் பேர், எங்கள் விடுதியிலேயே ஒரு தளத்தில் பாதிக்குப் பாதி தமிழ்தான் கேட்கும். ஃபெட் கேமரா பிறந்த ஊர் அது என்பது அங்கே போன பிறகுதான் தெரியவந்தது. அனாதைச் சிறுவர்கள் சேர்ந்து வாழ்ந்து, படித்து, வேலையும் செய்த ஜெர்ஜின்ஸ்கி கம்யூன் என்ற இல்லம் ஒன்று அந்த ஊரில் இருந்தது, கல்வியாளர் மகரென்கோ நடத்தியது. அந்தப் பிள்ளைகள் முதலில் மின் துளைப்பான் கருவிகள் செய்தார்கள், அப்புறம் ஜெர்மன் லைக்காவைப் பிரித்துப் பார்த்து அதே மாதிரி கேமரா செய்ய ஆரம்பித்தார்கள். 1934-ல் தொடர் உற்பத்தி. சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதினால் வரும் முதலெழுத்துகள்தான் (எஃப், இ, டி) ஃபெட். அந்த ஆரம்பகால ஃபெட்களில் லென்சும் உடலும் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சரிசெய்யப்பட்டவை, ஒன்றின் லென்ஸ் இன்னொன்றில் சரியாக ஃபோகஸ் ஆகும் என்ற உறுதி இல்லை. போருக்கு முந்தைய ஃபெட் லென்ஸ் கிடைத்தால் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், படம் எடுப்பதற்கென்று அதைத் தேட வேண்டாம். அடையாளம் சுலபம்: அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை, எண் சிறிதானால் துளை பெரிது) எண்கள் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று போகும். நமக்குப் பழக்கமான 4, 5.6, 8 வரிசை இருந்தால் அது பிற்காலத்தது.

போருக்குப் பிறகு கதை மாறுகிறது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்து இயந்திரங்களும் வரைபடங்களும் கண்ணாடியும் போர் இழப்பீடாகச் சோவியத் பக்கம் வந்தன. கீவ் நகரத்து அர்சனால் தொழிற்சாலை 1947 முதல் சைஸின் கான்டாக்ஸ் கேமராவை 'கீவ்' என்ற பெயரில் செய்தது. மாஸ்கோவுக்குப் பக்கத்துக் கிராஸ்னகோர்ஸ்கில் இருந்த கே.எம்.இசட். தொழிற்சாலை சைஸின் சோனார் லென்சுகளை எடுத்துக்கொண்டு, சோவியத் கண்ணாடிக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்தி 'ஜூபிடர்' ஆக்கியது. ஆக, ஜூபிடர்-8, ஜூபிடர்-3, ஜூபிடர்-9 மூன்றும் லுட்விக் பெர்ட்டலே என்ற ஜெர்மானியர் 1930-களில் வடிவமைத்த சோனார் வம்சம். ஜூபிடர்-12 அவருடைய இன்னொரு வடிவமைப்பான பயோகான் வம்சம். இண்டஸ்டார் என்று பெயர் இருந்தால் சைஸின் நான்கு கண்ணாடி வடிவமைப்பான டெஸ்ஸார் வம்சம். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும், படம் எப்படி வரும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பழைய சாமான் சந்தையில் எனக்கு இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு முதியவர். தரையில் துணி விரித்து, கைக்கடிகாரம், பதக்கம், லென்ஸ் எல்லாம் கலந்து வைத்திருப்பார். நான் ஒரு ஜூபிடர்-8-ஐ எடுத்து, பெயரைப் படித்துவிட்டு விலை கேட்டேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, வானத்தை நோக்கிப் பிடித்து, "முதல்ல இதுக்குள்ள பாருப்பா, அப்புறம் என்கிட்ட விலை கேளு" என்கிற மாதிரி ரஷ்ய மொழியில் சொன்னார். அதன் பிறகு பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச் எடுத்துப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்துக் காட்டினார். வெறும் கண்ணுக்குத் தெளிவாக இருந்த கண்ணாடிக்குள் மெல்லிய புகை படர்ந்த மாதிரி ஒரு படலம். அதைத் தனியே ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைத் தந்தார். அந்த இரண்டாவது ஜூபிடர்-8 இன்றும் என்னிடம் இருக்கிறது.

டார்ச் சோதனையை அப்படியே பழகிக்கொள்ளுங்கள். லென்ஸை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தைப் பின்னாலிருந்து கொடுத்து, லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே வர வேண்டும். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. சீரான மங்கல் என்றால் உள்ளே கிரீஸ் ஆவியாகிப் படிந்தது, அது பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள் முன்கண்ணாடியில் இருந்தால் யாரோ சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்த்திருக்கிறார்கள், அது போகவே போகாது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் காண்ட்ராஸ்ட்டைக் குடிக்கும். ஒற்றைக் கீறல், ஒரு சின்னக் குமிழி, இரண்டு தூசி, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். அந்தக் காலக் கண்ணாடியில் குமிழி சகஜம், படத்தில் தெரியவே தெரியாது. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பளபளத்தாலும் இந்த லென்சுகளில் பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் இதழ்கள் கேமராவின் கட்டளைக்குச் சட்டென்று மூட வேண்டியதில்லை, நாம்தான் கையால் திருப்புகிறோம்.

இனி முன்வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். ரஷ்ய எழுத்தில் இருந்தால் உள்நாட்டுக்குச் செய்தது, லத்தீன் எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. தரத்தில் இதனால் வித்தியாசம் என்று நான் எதையும் கண்டதில்லை. கதவு நிலை மாதிரி ஒரு ரஷ்ய 'பெ' எழுத்து சிவப்பில் இருந்தால் கண்ணாடிக்குக் கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு) உண்டு என்று பொருள். பிற்காலத்தில் எல்லாவற்றுக்கும் கோட்டிங் வந்துவிட்டதால் அதைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். குவியத்தூரம் 5 செ.மீ. என்று சென்டிமீட்டரில் இருந்தால் பழையது, 50 என்று இருந்தால் பின்னால் வந்தது. சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டு: 58-ல் ஆரம்பித்தால் 1958. ஆனால் இந்தக் கணக்கை 1950-க்குப் பிந்தைய ஜூபிடர்களில்தான் நம்பலாம். ஃபெட் தொழிற்சாலையின் இண்டஸ்டார்களில் எண் வேறு விதமாக ஓடும், அதை வைத்து ஆண்டு சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

பெயருக்குப் பக்கத்திலோ பீப்பாயிலோ தொழிற்சாலையின் முத்திரையும் இருக்கும். பட்டகம் ஒன்றுக்குள் ஒளிக்கதிர் நுழைந்து மடங்கி வெளியேறுகிற மாதிரி படம் இருந்தால் கே.எம்.இசட். ஜூபிடர்-3 கே.எம்.இசட்.டில் ஆரம்பித்து, பிறகு ஜாகோர்ஸ்க் போய், கடைசியில் வல்தாய் நகரத்துத் தொழிற்சாலையில் முடிந்தது. 1950-களின் கே.எம்.இசட். ஜூபிடர்-3-க்கு இன்று கேட்கிற விலை அதிகம். அந்த விலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை, உலோக வேலை கையில் எடுத்தாலே தெரியும். ஆனால் ஐம்பது அறுபது வருடமாக எத்தனை பேர் பிரித்து மாட்டினார்களோ யாருக்குத் தெரியும்? தொழிற்சாலையில் நன்றாக இருந்தது என்பதால் உங்கள் கையில் இருப்பதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சரியாகப் பராமரித்த பிற்கால வல்தாய் லென்ஸ், கைபட்டுக் கெட்ட 1950-களின் லென்ஸைவிட நல்ல படம் தரும்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீவ் நகரத்தில் பொச்சாய்னா மெட்ரோ பக்கத்து ரயில் பாதையோரச் சந்தையில் தங்க முலாம் பூசி, பாம்புத்தோல் ஒட்டி, ஜெர்மன் விமானப்படைக் கழுகு பொறித்த 'லைக்கா'க்களைப் பார்த்திருக்கிறேன். அவை எல்லாம் ஃபெட் அல்லது சோர்கி. லென்ஸைக் கழற்றிக் கேமராவுக்குள் பாருங்கள்: தூரம் தொடும் நெம்புகோலின் நுனியில் உருளும் சக்கரம் இருந்தால் லைக்கா, ஆப்பு மாதிரி செதுக்கிய உலோகத் துண்டு இருந்தால் சோவியத். லென்சுகளில் அதிகம் போலி செய்யப்படுவது 39 மி.மீ. மரையில் 'கார்ல் சைஸ் ஜேனா சோனார் 1.5'. முக்கால்வாசி அது முன்வளையம் மாற்றிய ஜூபிடர்-3. சில சமயம் ஜூபிடர்-8-லேயே 1.5 என்று பொறித்துவிடுகிறார்கள். ஜூபிடர்-3 விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், சைஸ் விலை கொடுக்காதீர்கள்.

எதை வாங்குவது? முதல் லென்ஸ் என்றால் இண்டஸ்டார்-61 எல்/டி அல்லது ஜூபிடர்-8. இண்டஸ்டார்-61-ல் லாந்தனம் கலந்த கண்ணாடி, அந்த 'எல்' அதைத்தான் குறிக்கிறது. எஃப் 2.8, விலை மலிவு, எஃப் 5.6-ல் வைத்தால் கூர்மை பளிச்சென்று இருக்கும். ஹார்கிவில் தெர்ஷ்ப்ரோம் என்று 1928-ல் எழுப்பிய ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடம் உண்டு. அதன் ஜன்னல் ஜன்னலான முகப்பை இந்த லென்ஸில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்து ஜன்னல் சட்டம்வரை எண்ணலாம். 'எல்/இசட்' என்று இருப்பதை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது எஸ்.எல்.ஆருக்கானது. மங்கிய பின்னணியில் நட்சத்திரம் நட்சத்திரமாக விழும் படங்கள் பார்த்திருப்பீர்களே, அவை அந்த லென்ஸ் செய்வது.

ஜூபிடர்-8 வேறு ஜாதி. எஃப் 2-ல் முகத்தை எடுத்தால் கண் கூர்மையாக இருக்கும், கன்னத்தில் ஒரு மென்மை படரும், பின்னணி உருண்டு திரண்டு போகும். எஃப் 4-க்கு வந்தால் அதே லென்ஸ் முறுக்கேறி நிற்கும். ஒரு விலைக்கு இரண்டு லென்ஸ். சோர்கி-4 லட்சக்கணக்கில் விற்றபோது அதோடு ஏராளமாக வந்தது இதுதான், அதனால் இன்றும் தட்டுப்பாடில்லை. என்னைக் கேட்டால் மனிதர்களைப் படம் எடுக்கிறவர்கள் ஜூபிடர்-3-க்குப் பணம் சேர்த்துக் காத்திருக்காமல் இதை வாங்கி உடனே எடுக்க ஆரம்பிக்கலாம்.

ஜூபிடர்-12, 35 மி.மீ. எஃப் 2.8, அருமையான லென்ஸ். ஆனால் அதன் பின்கண்ணாடி பெரிய உருண்டையாகக் கேமராவுக்குள் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். சில டிஜிட்டல் உடல்களில் அது உள்ளே இடிக்கும், ஒளி அளக்கும் கை உள்ள சில பழைய லைக்காக்களிலும் இடிக்கும். உங்கள் மாடலில் யாராவது மாட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு மட்டும் வாங்குங்கள். மாட்டும்போது முடிவிலிக்குக் கொண்டுபோகாமல் ஒரு மீட்டரில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். பின்மூடி இல்லாமல் மேஜைமேல் வைத்தால் கண்ணாடிதான் முதலில் மேஜையைத் தொடும். டிஜிட்டலில் படத்தின் ஓரங்களில் ஊதா நிறம் ஏறும், கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

இண்டஸ்டார்-22 குழாய் மாதிரி உள்ளே மடங்கும், பாக்கெட்டில் அழகாக உட்காரும். டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டு உள்ளே தள்ளாதீர்கள், ஷட்டரைத் தொட்டுவிடலாம். ஜூபிடர்-11, 135 மி.மீ., மலிவு, கனம், சரி. ஓரியன்-15, ருஸ்ஸார் என்ற அகலக்கோண லென்சுகள் இரண்டும் சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டன.

கீவ் கேமராவின் லென்ஸ் என்று சொன்னால் மாட்டும் இடத்தில் மரையே இருக்காது, கான்டாக்ஸ் பேயோனெட், அதாவது செருகிச் சற்றே திருப்பிப் பூட்டும் வகை. அதிலுள்ள 50 மி.மீ. லென்சுகளுக்கு ஃபோகஸ் செய்யும் மரை லென்ஸில் கிடையாது, கேமராவில் இருக்கிறது. அதனால் ஃபோகஸ் பொறி உள்ள தனி அடாப்டர் வேண்டும், அது லென்ஸைவிட விலை கூட. ஹீலியோஸ்-103 மிக நல்ல லென்ஸ், அடிமாட்டு விலைக்குக் கிடைப்பது இந்தக் காரணத்தால்தான்.

சரி, வாங்கியாயிற்று. முதல் தொல்லை ஃபோகஸ் வளையம் இறுகியிருப்பது. ஹார்கிவ் குளிரில், மைனஸ் பத்துக்குக் கீழே போகும் நாட்களில், பழைய கிரீஸ் கட்டியாகி வளையம் அசையவே அசையாது. அறைக்குள் வந்து கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் திரும்பும். பலவந்தமாகத் திருகினால் லென்சே அடாப்டரிலிருந்து கழன்று வரும். இதற்கு வழி கிரீஸ் மாற்றுவது. ஜூபிடர்-8-ல் கண்ணாடித் தொகுதி மொத்தமாகத் திருகிக் கழன்று வரும், கண்ணாடியைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. கழற்றும்போது இடையில் காகிதம் போல மெல்லிய உலோக வளையம் ஒன்றோ இரண்டோ இருக்கும். தொழிற்சாலையில் அந்த ஒரு லென்சுக்கென்று அளந்து வைத்தவை அவை. தொலைந்தால் ஃபோகஸ் கணக்கே போச்சு. ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள்.

அடுத்து மரைகளைப் பிரிப்பது. சுழற்சியைத் தடுக்கும் சின்னத் திருகை எடுத்துவிட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். இந்த மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு, எந்த இடத்தில் விடுபடுகிறதோ அதே இடத்தில்தான் திரும்பவும் நுழைய வேண்டும். விடுபடும் அந்த நொடியில் நிறுத்தி, இரண்டு பாகங்களிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தெடுத்து, லென்ஸ் மரைக்கென்று விற்கும் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள். சைக்கிள் கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் வேண்டாம், வெயிலில் இளகி அபெர்ச்சருக்கும் கண்ணாடிக்கும் போய்ச் சேரும்.

ஜூபிடர்-8 திடீரென்று எல்லாப் படத்தையும் மங்கலாகத் தருகிறது என்றால் லென்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் கண்ணாடித் தொகுதி கால் சுற்று தளர்ந்திருக்கும். முன்பக்கத்தைப் பிடித்து இறுக்கினால் பல சமயம் சரியாகிவிடும்.

படம் எடுக்கும்போது ஒரு வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்: முதலில் அபெர்ச்சர், பிறகு ஃபோகஸ். அபெர்ச்சர் வளையத்தில் 'டிக்' நிறுத்தங்கள் இல்லை, அதோடு ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் முழுவதும் சேர்ந்தே சுழலும், பிறகு அபெர்ச்சரைத் தொட்டால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். சோனார் வகையில் இன்னொரு காரணமும் உண்டு: அபெர்ச்சரை மூட மூட ஃபோகஸ் விழும் இடம் சற்றே பின்னால் போகும். எஃப் 2-ல் கண்ணில் வைத்துவிட்டு எஃப் 4-க்கு மூடினால் காதில் போய் நிற்கலாம். மிரர்லெஸ் (ஆடி இல்லாத டிஜிட்டல்) கேமராவில் எந்த அபெர்ச்சரில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே வைத்துப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்தால் தொல்லை தீர்ந்தது. லைக்கா உடலில் ரேஞ்ச்ஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுப்பவர்களுக்கு, ஜூபிடர்-3-ஐ முழுக்கத் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால் ஃபோகஸ் கண்ணை விட்டு விலகி விழுவது சகஜம். அங்கே தெளிவாக விழும் ஆழமே 4 செ.மீ.கூட இல்லை. நான் சொன்ன அந்த மெல்லிய வளையங்களின் கனத்தை மாற்றித்தான் இதைச் சரிசெய்கிறார்கள், அதைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) கட்டாயம். ஒற்றை அடுக்குக் கோட்டிங், அதனால் சூரியன் பக்கவாட்டில் இருந்தாலே படம் வெளுக்கும். ஜூபிடர்-3, 8, 12, இண்டஸ்டார்-61 நான்குக்கும் பில்டர் மரை 40.5 மி.மீ., ஒரே ஹூட் மாற்றி மாற்றிப் போடலாம். ஜூபிடர்-9-க்கு 49 மி.மீ. இந்த லென்சுகள் ஒரு மீட்டருக்குக் கிட்டே போகாது, பூ, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் எடுக்க வேண்டும் என்றால் நீளும் வகை அடாப்டர் வாங்குங்கள். அதில் மாட்டிய ஜூபிடர்-8 அரை மீட்டரில் தருகிற பின்னணியைப் பார்த்தவர்கள் அந்த அடாப்டரைக் கழற்ற மாட்டார்கள்.

நான் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். ஹார்கிவின் வறண்ட குளிரில் வராத பூஞ்சை இந்தக் கடற்காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே வந்துவிடும். லென்சுகளைத் தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே உணவும்கூட. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மலிவான ஈரப்பத மானி ஒன்று. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், அதைவிட ரொம்பக் காய்ந்தால் கிரீஸ் கெட்டிப்படும். வெளியூரிலிருந்து புதிதாக வரும் லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்காமல் மற்றவற்றோடு அதே டப்பாவில் போட வேண்டாம்.